விண்ணில் ஓடிய புகைவண்டி

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் அந்நாட்டின் போர்களையும் ஆட்சி மாற்றங்களையும் ஆராய்வதோடு நின்றுவிடலாகாது. அந்நாட்டுச் சிறுவர்கள் மாலைப் பொழுதில் எக்கதையைக் கண்டும் கேட்டும் வளர்ந்தனர் என்பதையும் நோக்குதல் வேண்டும். பெரியோர் வெளியே சொல்லாது உள்ளத்தில் பூட்டிவைத்த துயரங்கள் பலவும் சிறுவர் கதைகளில் இடம்பெற்றுவிடுவதுண்டு. அத்தகைய கதை ஒன்றினை இவ்வாண்டு மலரில் ஆராயப் புகுகின்றோம். அது ஜப்பானில் பிறந்த 'கேலக்ஸி எக்ஸ்பிரஸ் 999' என்னும் சித்திரத் தொடராகும். விண்மீன்களுக்கிடையே ஓடும் ஒரு புகைவண்டியின் கதை அது. இருப்புப்பாதையை நம்பி வாழும் நம் குடியிருப்பினருக்கு இக்கதை முற்றிலும் அயலானது அன்று.

விண்வெளிப் பயணம் என்றவுடன் ராக்கெட்டுகளே நம் நினைவிற்கு வரும. ஆனால் இக்கதையில் விண்ணிற் பறப்பதோ கரும்புகை கக்கி, ஊதல் ஒலித்துச் செல்லும் நீராவி எஞ்சின்! 1964 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்றே டோக்கியோவிலிருந்து ஒசாகாவிற்கு மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்தில் ஷின்கான்சென் மின்வண்டியை ஓட்டி உலகை வியக்கவைத்த நாடு ஜப்பான். அந்நாட்டுக் கலைஞர் ஒருவர் எதிர்காலத்தைப் பற்றிக் கதை புனையும்போது பழைய நீராவி எஞ்சினைத் தேர்ந்ததன் காரணம் யாது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓய்வு பெற்ற எஞ்சின்

கதையில் வரும் எஞ்சின் கற்பனை வடிவம் அன்று. அது 'சி 62' என்னும் வகையைச் சேர்ந்தது. போர்க்காலத்தில் சரக்கு வண்டிகளுக்கெனக் கட்டப்பட்ட டி 52 எஞ்சின்களின் கொதிகலன்களைக் கொண்டு, 1948, 1949 ஆகிய ஆண்டுகளில் பயணிகள் வண்டிகளுக்கென மொத்தம் 49 எஞ்சின்கள் உருவாக்கப்பெற்றன. பயணிகள் வண்டி இழுத்த ஜப்பானிய நீராவி எஞ்சின்களுள் இதுவே மிகப் பெரியது. அந்நாட்டுப் பாதையின் அகலம் 1067 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடச் சற்றே அகன்றது. அத்துணைக் குறுகிய பாதையில் 1954 ஆம் ஆண்டு டிசம்பர் 15 அன்று நடந்த சோதனை ஓட்டத்தில் இவ்வகை எஞ்சின் ஒன்று மணிக்கு 129 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. எஞ்சின் வேலை அறிந்தோர் இதன் அருமையை உணர்வர்.

ஆயினும் காலம் எவரையும் எதனையும் விட்டுவைப்பதில்லை. மின்சாரமும் டீசலும் பரவப் பரவ, நீராவி எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒதுக்கப்பட்டன. 1975 ஆம் ஆண்டு டிசம்பர் 14 அன்று ஹொக்கைடோ தீவில், ஜப்பானிய தேசிய இருப்புப்பாதையின் கடைசி நீராவிப் பயணிகள் வண்டி ஓடியது. பத்து நாட்களுக்குப் பின் கடைசிச் சரக்கு வண்டியும் ஓடி ஓய்ந்தது. 1976 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெட்டிகளைக் கோக்கும் ஷண்டிங் பணியிலிருந்தும் நீராவி விடைபெற்றது. மக்கள் புகைப்படக் கருவிகளோடு பாதையோரங்களில் திரண்டு நின்று அவ்வெஞ்சின்களை வழியனுப்பினர். அடுத்த ஆண்டே, அதாவது 1977 இல், 'ஷோனென் கிங்' என்னும் சிறுவர் இதழில் இக்கதை படக்கதையாகத் தொடங்கிற்று. மண்ணில் ஓட இடமிழந்த எஞ்சினுக்கு ஒரு கலைஞர் விண்ணில் பாதை அமைத்துக் கொடுத்தார் எனக் கூறின் அது மிகையாகாது.

நம் நாட்டு அகலப் பாதையில் நீராவியின் வழக்கமான ஓட்டம் 1995 ஆம் ஆண்டின் இறுதியில் முடிவுற்றது. நம்மில் நாற்பதைக் கடந்தோர் சிறுவராயிருந்த காலத்து லோகோ ஷெட்டின் கரிமணத்தை இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். ஜப்பானிய மக்களின் உணர்ச்சி நமக்கு விளங்குவதற்கு இதுவே போதும்.

கலைஞரும் அவர் ஏறிய வண்டியும்

இக்கதையை ஆக்கியவர் லெய்ஜி மட்சுமோட்டோ என்னும் ஓவியர். 1938 ஆம் ஆண்டு சனவரி 25 அன்று ஃபுகுவோக்கா மாநிலத்தின் குருமே நகரில் பிறந்தார். கொக்குரா நகரில் வளர்ந்தார். அவர் தந்தை போர் விமானி. கொக்குரா நகரின் பெயரைக் கேட்டால் வரலாறு அறிந்தோர் நடுக்குறுவர். 1945 ஆகஸ்டு 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்கு முதலிற் குறிக்கப்பட்ட ஊர் அதுவே. வானத்தை மேகமும் புகையும் மூடியிருந்தமையால் விமானம் திரும்பி நாகசாகியின்மீது குண்டை வீசிற்று. மேகம் விலகியிருப்பின் அவ்வூரே அழிந்திருக்கும். மனித உயிரின் நிலையாமை அப்பகுதி மக்களுக்கு ஏட்டுப் பாடமாக அன்றி நேர்ப் பாடமாகவே வாய்த்தது.

பள்ளி மாணவராயிருந்தபோதே, 1954 இல், மட்சுமோட்டோவின் முதற் படக்கதை இதழில் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓவியத்தையே தொழிலாகக் கொள்ளத் துணிந்து, கொக்குராவிலிருந்து நீராவி வண்டியேறி நெடுந்தொலைவு பயணஞ்செய்து டோக்கியோ சேர்ந்தார். அந்தப் பயணமே பிற்காலத்தில் இக்கதைக்கு வித்தாயிற்று என்பதை அவரே பலமுறை கூறியுள்ளார்.

அவர் ஒருவர் மட்டுமா அவ்வாறு ஊர்விட்டுப் போந்தார்? 1954 ஏப்ரலில் வடகோடி ஆமோரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்திற்கு, பள்ளியை விட்டு அப்போதுதான் வெளிவந்த சிறுவர் சிறுமியரை ஏற்றிக்கொண்டு ஒரு தனி வண்டி புறப்பட்டது. தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் ஆள் சேர்க்கும் வண்டி அது. பதினைந்து வயதுப் பிள்ளைகளைத் தாய்மார் கண்ணீரோடு மேடையில் நின்று வழியனுப்பினர். அப்பிள்ளைகளை நகரத்து முதலாளிகள் 'பொன் முட்டைகள்' என்றழைத்தனர். பெயர் பொன்னாயினும் பிழைப்பு கடினமானதே. அத்தகைய வண்டிகள் 1975 வரை ஓடின. ஜப்பானின் செல்வ வளர்ச்சிக்கு அப்பிள்ளைகளின் உழைப்பு அடித்தளமாயிற்று. நீராவியின் ஊதல் ஒலி அவர்களுக்குத் தாயைப் பிரிந்த நாளின் ஒலியாகும். இக்கதையை வரவேற்ற பெற்றோர் தலைமுறையில் அவர்களும் இருந்தனர்.

இக்கதைக்கு மூத்த தமையன் ஒன்றும் உண்டு. கவிஞர் கென்ஜி மியாசாவா 1933 இல் மறைந்தார். மறு ஆண்டு வெளிவந்த அவருடைய நெடுங்கதையில், ஏழைச் சிறுவன் ஒருவன் தன் நண்பனோடு பால்வீதியில் ஓடும் வண்டியில் செல்கிறான். நண்பனோ பிறனைக் காக்க நீரிற் குதித்து உயிர்நீத்தவன். அவ்வண்டி இறந்தோரை ஏற்றிச் செல்லும் வண்டி. ஏழைச் சிறுவன் கையிலிருந்த பயணச்சீட்டு மட்டும் எவ்விடத்திற்கும் செல்லத்தக்கதாய் இருந்தது. மியாசாவா தம் அன்புத் தங்கையை 1922 இல் இழந்தவர் என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

கதையின் உட்பொருள்

எதிர்கால உலகில் செல்வர்கள் தம் உடலை நீக்கி எந்திர உடல் பெற்று நெடுங்காலம் வாழ்கின்றனர். வறியவர்க்கு அவ்வாய்ப்பில்லை. எந்திரப் பிரபு ஒருவன் வேட்டைப் பொழுதுபோக்காக ஓர் ஏழைத் தாயைக் கொன்றுவிடுகிறான். அவள் மகன் டெட்சுரோ, எந்திர உடலை இலவசமாக நல்கும் கோளுக்குச் செல்ல விழைகிறான். மறைந்த தாயை ஒத்த தோற்றமும் கருநிற உடையும் கொண்ட மேட்டல் என்னும் நங்கை, தன்னுடன் வருவதாயின் பாஸ் தருவதாகக் கூறுகிறாள். பயணம் தொடங்குகிறது.

வண்டியின் ஒழுங்கு நம் துறையினர் மகிழத்தக்கது. நேரம் தவறுவதில்லை, ஏறத் தவறியவர்க்காகக் காத்திருப்பதில்லை. பாஸைத் தொலைத்தவர்க்கு இடமில்லை. ஒவ்வொரு கோளிலும் அக்கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் கால அளவே வண்டி நிற்கும். சீருடைக்குள் முகம் தெரியாத கண்டக்டர், கடமை ஒன்றையே அறிந்தவர்.

உணவு வண்டியில் பணிபுரியும் கிளேர் என்னும் பெண்ணின் உடல் பளிங்குக் கண்ணாடியால் ஆனது. தாயின் வீண்பெருமையால் தன் உடலை இழந்தவள் அவள். அவ்வுடலை மீட்பதற்கான பொருளைச் சிறுகச் சிறுகச் சேர்க்கவே அங்கு ஊழியம் செய்கிறாள். டெட்சுரோவைக் காக்கும் முயற்சியில் அவள் உடைந்து சிதறுகிறாள். புளூட்டோக் கோளிலோ, எந்திரமாக மாறியோர் கழற்றி எறிந்த மனித உடல்கள் பனிக்கட்டியின் அடியில் கல்லறையாகக் கிடக்கின்றன. இறுதியில் டெட்சுரோ அறிவது யாது? இலவச உடல் என்பது, எந்திரக் கோளில் அவனை ஒரு திருகாணியாக முடுக்கிவிடுவதே! சாவில்லா வாழ்வை வேண்டிப் புறப்பட்டவன், வரம்புள்ள மனித வாழ்வே மேலென உணர்ந்து திரும்புகிறான். 999 என்பது ஆயிரத்திற்கு ஒன்று குறைவு. முழுமை அடையாத இளமையின் எண் அது என்று மட்சுமோட்டோ விளக்கம் தந்துள்ளார்.

'பொன் முட்டைகள்' என அழைக்கப்பட்டுத் தொழிற்சாலைக்குச் சென்ற பிள்ளைகளையும் இத்திருகாணியையும் ஒருங்கு வைத்து நோக்குமின். கதை விண்ணைப் பற்றியதாயினும் அதன் வேர் மண்ணில் ஊன்றியிருப்பது புலனாகும்.

திரையும் ஒளிநாடாவும்

தோயெய் நிறுவனத்தார் இதனை அனிமேத் தொடராக்கினர். 1978 செப்டம்பர் 14 முதல் 1981 மார்ச்சு 26 வரை ஃபுஜி தொலைக்காட்சியில் 113 பகுதிகள் ஒளிபரப்பாயின. ரின்டாரோ இயக்கிய திரைப்படம் 1979 ஆகஸ்டு 4 அன்று வெளிவந்து, அவ்வாண்டின் ஜப்பானியப் படங்களுள் வருவாயில் முதலிடம் பெற்றது. அதற்குச் சில நாட்கள் முன்பு தேசிய இருப்புப்பாதையினரே, செல்லுமிடம் சொல்லாத '999' வண்டி ஒன்றை உவேனோவிலிருந்து ஓட்டினர். ஊரகப் பிள்ளைகள் கலங்கிய கண்களோடு வந்திறங்கிய அதே நிலையத்திலிருந்து, இப்போது நகரத்துப் பிள்ளைகள் களிப்போடு வண்டியேறினர்.

தொலைக்காட்சியில் ஒருமுறை தவறவிட்ட பகுதி தவறியதே என்றிருந்த காலம் அது. அந்நிலையை மாற்றியது வீடியோ நாடா. சோனி நிறுவனத்தார் 1975 இல் பீட்டாமாக்சையும், ஜே.வி.சி. நிறுவனத்தார் 1976 இல் வி.எச்.எஸ். முறையையும் கொணர்ந்தனர். அடுத்து லேசர் டிஸ்க், 1996 இல் டி.வி.டி., அதன்பின் புளூ-ரே எனப் படங்கள் வீட்டு அலமாரியில் குடிபுகுந்தன. 1983 டிசம்பரில் வெளிவந்த 'டல்லோஸ்' என்னும் நிலவுக் குடியேற்றக் கதை, வீடியோவுக்கெனவே ஆக்கப்பட்ட முதல் அனிமே என்னும் பெயர் பெற்றது.

வீடியோவினால் விளைந்த நன்மை ஒன்றை இங்குக் கூறுதல் வேண்டும். 1979 ஆம் ஆண்டுத் திரைப்படம் இரண்டு மணி நேரத்திற்கும் மேற்பட்டது. 1981 இல் அமெரிக்காவில் அதனை வெளியிட்டோர் அரை மணிக்கும் மேலான பகுதியை வெட்டி, டெட்சுரோவின் பெயரையும் மாற்றிவிட்டனர். வெட்டப்படாத படம் ஆங்கிலக் குரலுடன் ஒளிநாடாவாக வந்தது 1990-களில்தான். சிதைந்த பாடத்தை விலக்கி மூலபாடத்தை மீட்டுத் தருவது எத்துணைப் பெரும்பணி என்பதை, உ. வே. சாமிநாதையரைப் பெற்ற தமிழர் நன்கறிவர்.

நம்மவரும் இவ்வொளிநாடாவுக்குக் கடமைப்பட்டவர்களே. 1980-களில் குடியிருப்பில் ஒரு வீட்டிற்கு வாடகை டெக் வந்தால், சனிக்கிழமை இரவு முழுதும் தமிழ்ப்படம் ஓடும். பாய் விரித்துப் பத்துக் குடும்பம் அமரும். பிறமொழி வழங்கும் ஊரில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ்ப் பேச்சின் நயத்தை அவ்விரவுகளிலேயே செவியுற்றனர்.

அந்த நாடாவும் இன்று நீராவியின் வழியே சென்றுவிட்டது. 2016 மார்ச்சில் பீட்டாமாக்ஸ் நாடாவின் உற்பத்தியும், அவ்வாண்டு ஜூலையில் ஃபுனாய் நிறுவனத்தின் வி.எச்.எஸ். கருவி உற்பத்தியும் நின்றன. மட்சுமோட்டோவும் 2023 பிப்ரவரி 13 அன்று தம் 85 ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் துறைமுக நகரான சுருகாவின் வீதியில் டெட்சுரோவும் மேட்டலும் வெண்கலச் சிலைகளாய் நிற்கின்றனர். அவர் வாழ்ந்த பகுதியின் ஓய்சுமி-ககுயென் நிலையத்தில், வண்டி புறப்படும்போதெல்லாம் அத்திரைப்படப் பாடலின் இசை ஒலிக்கிறது.

நாம் கொள்ளத்தக்கது

எஞ்சின் மறைந்தது, நாடா மறைந்தது, ஆக்கியோனும் மறைந்தான். நிலைத்தது எது? ஒரு தலைமுறை தான் பட்டதை அடுத்த தலைமுறைக்குக் கதையாக்கிச் சொன்னதே நிலைத்தது. அதற்குச் சாவில்லா எந்திர உடல் வேண்டுவதில்லை. சொல்லும் வாயும் கேட்கும் செவியும் போதும்.

நம் தந்தையரும் பாட்டனாரும் தகரப் பெட்டி ஒன்றும் தலையணை உறை ஒன்றும் கொண்டு, மொழி அறியா ஊர்களில் வண்டியிலிருந்து இறங்கியவர்களே. அவர்கள் எந்த நிலையத்தில், எந்த நாளில், யார் அழ, யார் வழியனுப்ப வந்தனர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற முதியோர் பலர் இன்றும் மாலையில் திண்ணையிலும் பூங்காவிலும் அமர்ந்திருக்கின்றனர். நேரம் தவறாத வண்டி அவர்களுக்காகவும் ஒருநாள் வந்து நிற்கும். அதன்பின் கேட்பதற்கு ஆளிராது. ஆதலின் சங்கத்து இளைஞர்கள் இவ்வாண்டே அவர்கள்பால் சென்று, அவர்தம் பயணக் கதைகளைத் தமிழில் கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரில் சேர்ப்பார்களாக. கைப்பேசியிற் குரலைப் பதிவுசெய்தாலும் நன்றே. எனினும் தாளில் எழுதியும் வைப்பார்களாக. கருவிகள் மாறும், எழுத்து நிற்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!