மூளை–குடல் தொடர்பு

மூளைக்கும் செரிமான உறுப்புகளுக்கும் இடையே நரம்புகள், ஹார்மோன்கள், நோய் எதிர்ப்பு மண்டலம் வழியாக இருதிசையிலும் நிகழும் செய்திப் பரிமாற்றம். இதன் முதன்மைப் பாதை வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவை.

குண்டடிபட்டு இரைப்பையில் ஆறாத துளையுடன் வாழ்ந்த ஒருவரை ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் போமன்ட், கோபம் இரைப்பையின் செயலைப் பாதிப்பதை 1833-இல் பதிவு செய்தார். செரிமானத்தில் நரம்புகளின் பங்கை விளக்கிய இவான் பாவ்லவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றார். 1943-இல் லெஸ்டர் டிராக்ஸ்டெட், வேகஸ் நரம்பைத் துண்டித்துக் குடற்புண்ணுக்குச் சிகிச்சை அளித்தார். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுந்திருந்ததால் நெய்யூர் மருத்துவமனையில் ஹோவர்ட் சாமர்வெல் போன்றோரின் இரைப்பை அறுவை மருத்துவம் சிறப்புப் பெற்றது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி 1982-இல் கண்டறியப்பட்ட பின், மனக்கவலையே புண்ணின் மூலம் என்ற கருத்து வலுவிழந்தது.

புண்ணின்றியே வலி, உப்புசம், மலப்போக்கு மாற்றம் தரும் செயல்சார் அஜீரணத்தையும் எரிச்சல் குடல் நோயையும் ரோம் 4 வகைப்பாடு (2016) மூளை–குடல் ஊடாட்டக் கோளாறுகள் என வரையறுக்கிறது. பேச்சுவழக்கில் ‘கேஸ் டிரபிள்’ எனப்படும் தொல்லைகளில் ஒரு பகுதி இவ்வகையே. எண்டோஸ்கோப்பியில் ஏதும் தெரியாவிட்டாலும் இவ்வலி மெய்யானது. கற்பனை எனத் தள்ளத்தக்கதன்று. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், உளவியல் சிகிச்சை ஆகியவை பலருக்குப் பயன் தருகின்றன. எடை குறைதல், கரிய மலம், இரத்த வாந்தி இருப்பின் வேறு நோய்க்கான பரிசோதனை உடனே தேவை.