வெள்ளி அணு எங்கே பிரிந்தது?

1922 பிப்ரவரி, பிராங்பர்ட் பல்கலைக்கழகம். ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் உருகி ஆவியாகும் வெள்ளியிலிருந்து ஓர் அணு வெற்றிடத்துக்குள் பாய்கிறது. அதன் 47 எலெக்ட்ரான்களில் 46இன் காந்தத்தன்மை ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். மிஞ்சிய ஒன்றுதான் அணுவைக் குட்டிக் காந்தமாக்குகிறது.

நொடிக்கு அரை கிலோமீட்டருக்கு மேல் வேகம். 0.03 மில்லிமீட்டர் அகலப் பிளவுகளில் நுழைந்து, 3.5 சென்டிமீட்டர் நீளக் காந்தத்தைக் கடக்கிறது. காந்தத்தின் ஒரு முனை கத்தி விளிம்பு, எதிர்முனை பள்ளம். அதனால் காந்தப்புலம் ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் இருக்கிறது. அப்பால் கண்ணாடித் தட்டு. அதில் ஒட்டியதும் பயணம் முடிந்தது.

பழைய இயற்பியல்படி அணுக்காந்தங்கள் எல்லாத் திசையிலும் சாய்ந்திருந்து, சாய்வுக்கேற்ப மேலும் கீழும் தள்ளப்பட்டு, தட்டில் ஒரே தீற்றலாக விழ வேண்டும். எப்படி விழுந்தது என்று பார்ப்பதே பாடு: படிவு கண்ணுக்கே தெரியாத அளவு மெலிசு. முன்பொரு தட்டை, இந்தச் சோதனையை வகுத்த ஓட்டோ ஸ்டெர்ன் கையில் வைத்துப் பார்த்தபோது, அவருடைய மட்டச் சுருட்டின் புகையிலிருந்த கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கிக் காட்டிக்கொடுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பிப்ரவரித் தட்டில், சோதனையை நடத்திய வால்தர் கெர்லாக் கண்டது, சற்றே விரிந்த உதடுகள்போல இரண்டு கோடுகள். இடைவெளி சுமார் 0.2 மில்லிமீட்டர். படத்தை அஞ்சலட்டையில் ஒட்டி இயற்பியலாளர் நீல்ஸ் போருக்கு, அவருடைய கோட்பாடு உறுதியானதென்று வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். எலெக்ட்ரானின் உள்ளார்ந்த சுழல்பண்பான ஸ்பின்தான் இந்தப் பிரிவுக்குக் காரணம் என்ற கருத்து 1925இல்தான் வந்தது.

சரி, அணு எந்த இடத்தில் மேல், கீழ் என்று முடிவானது? காந்தத்துக்குள் என்றுதான் தோன்றும். குவாண்டம் கணக்கு வேறு சொல்கிறது: காந்தத்தைத் தாண்டிய பின்னும் அணு இரு பாதைகளும் சேர்ந்த ஒரே அலைதான், அதுவே மேற்பொருந்துநிலை. பக்கவாட்டு ஸ்பின்னோடு அணுவை அனுப்பி, பிரிந்த பாதைகளைத் துல்லியமாக மீண்டும் இணைத்தால், அதே பக்கவாட்டு ஸ்பின் திரும்பக் கிடைக்க வேண்டும். அலை ஒரு பாதையில் மட்டும் போயிருந்தால், பாதிக்குப் பாதி எதிர்ப்பக்கம் காட்டும். இணைப்பில் இம்மி பிசகினாலும் எல்லாம் வீண் என்பதால் இது வெகுகாலம் ஏட்டளவிலேயே நின்றது. இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழகத்தில் ரான் ஃபோல்மன் குழு ருபீடியம் அணுக்களைப் பிரித்து முழுச் சுற்றாக இணைத்துக் காட்டியதை 2021இல் வெளியிட்டது.

ஆக, காந்தம் செய்த பிரிவினையைத் திருப்பிவிடலாம். கண்ணாடித் தட்டில் எண்ணற்ற அணுக்களோடு பின்னிக்கொண்ட பிறகு திருப்ப வழியில்லை. அளவீடு நடப்பது அங்கேதான்; கெர்லாக் பார்த்தாரா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. ஆனால் ஒரே ஒரு முடிவு மட்டும் ஏன் தெரிகிறது? அளவீட்டுக்கு முன் அணு எந்தப் பாதையில் என்ற கேள்விக்கே பொருளில்லை என்பது நீல்ஸ் போரின் வழி. அணு என்றும் ஒரே பாதையில்தான் போனது, அலை அதை நடத்தியது என்றார் 1952இல் டேவிட் போம். இரண்டு முடிவுமே நடந்தன, பார்ப்பவரும் சேர்ந்தே கிளைத்தார் என்றார் 1957இல் ஹியூ எவரெட். மூன்று விளக்கமும் அதே இரண்டு கோடுகளைத்தான் தருகின்றன. தட்டை வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது.