ரத்தத்துக்கும் வயசாகும்

தாம்பரத்துல ரயில் ஏறி இதைக் கேட்டுட்டு வர்றீங்களா? இந்த நிமிஷமும் உங்க எலும்பு மஜ்ஜையில ஸ்டெம் செல்கள் ரத்தம் உண்டாக்கிட்டிருக்கு. 1961-ல் டொரண்டோவில் டில், மெக்கல்லக் என்ற இருவர் எலிகளை வச்சு இந்தச் செல்கள் இருப்பதைக் காட்டினாங்க. 1986-ல் வேலூர் சி.எம்.சி.யில் மஜ்ஜை மாற்று சிகிச்சை தொடங்கியது. கூடப்பிறந்த ஒருத்தரோட மஜ்ஜை முழுசா பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். பொருந்தலைன்னா?

அந்தக் கேள்விக்காகவே 2009-ல் சென்னையில் 'தாத்ரி' கொடையாளர் பதிவகம் வந்தது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால தேய்ச்சுக் கொடுத்தா போதும், பதிவாகிடும்.

இந்த வரலாற்றுல நான் முக்கியமா பார்க்கிறது வயசு. ஸ்டெம் செல்களும் மூப்படையும். ஆண்டுகள் போகப் போக அதுல மரபணு மாற்றங்கள் சேரும். மருத்துவர்கள் இளம் கொடையாளர்களைத் தேட அதுவும் ஒரு காரணம். பொருத்தமும் பெரும்பாலும் ஒரே வம்சாவளிக்குள்ளதான் அமையும். ஒரு தமிழ்க் குழந்தைக்குத் தேவையானது உங்ககிட்டயே இருக்கலாம்.