ஆரஞ்சு எழுத்துகளில் தொடங்கிய பேச்சு

இணையவழிக் கலந்துரையாடல் என்றாலே கொரோனா ஊரடங்கில் முளைத்தது என்று என் மாணவர்கள் நினைக்கிறார்கள். கணினி அறிவியல் ஆசிரியரான நான் அவர்களை 1973-க்கு அழைத்துப் போவேன்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர் 1960-இல் தொடங்கியது 'பிளேட்டோ'. பாடம் கற்பிப்பதற்கென்றே கட்டிய கணினி அமைப்பு அது. எழுபதுகளில் வந்த நான்காம் தலைமுறைக்கு 512-க்கு 512 புள்ளிகள் கொண்ட பிளாஸ்மா திரை. எழுத்தும் படமும் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். திரையை விரலால் தொட்டே விடை சொல்லலாம். பழ ஈக்களைக் கலப்புச் செய்து மரபியல் படிக்கும் பாடம்கூட அதில் இருந்தது.

இத்தனை செய்தவர்கள் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஓர் இடம் வைக்கவில்லை. கணினி கேட்கும், மாணவர் பதில் சொல்வார், அவ்வளவுதான் திட்டம். அமைப்பில் பிழை கண்டால் எழுதிவைக்க ஒரு பொதுக் கோப்பு மட்டும் இருந்தது. அதை யாரும் திருத்தலாம், அழிக்கலாம். எழுதியது யார் என்பதற்கு உறுதி கிடையாது.

இதைச் சரிசெய்யும் வேலையைப் பிளேட்டோ குழுவைச் சேர்ந்த பால் டென்சார் ஒரு மாணவரிடம் கொடுத்தார். அவர் டேவிட் வூலி, வயது 17. பிழைக்கு ஒரு குறிப்பு, அதற்கு நிர்வாகத்தின் ஒரு பதில் என்பதுதான் கேட்கப்பட்டது. ஒரு சிக்கல் ஒரே பதிலில் தீர்ந்துவிடாது என்று வூலிக்குத் தோன்றியது. ஒரு குறிப்பின் கீழ் 63 பதில்கள் வரை வரிசையாகச் சேர இடம் வைத்தார். எழுதியவரின் அடையாளமும் தேதியும் நேரமும் தானாகவே பதியும். ஆகஸ்ட் 1973-இல் இந்த நிரல் 'நோட்ஸ்' (குறிப்புகள்) என்ற பெயரில் வந்தது. அந்தச் சிறுவன் கூடுதலாக வைத்த இடத்தைத்தான் இந்த வரலாற்றின் மையமாக நான் பார்க்கிறேன். கேள்வி கேட்டவருக்கு அதிகாரி மட்டுமன்றி, நேற்று அதே இடத்தில் திணறிய இன்னொரு மாணவரும் பதில் சொல்ல முடிந்தது.

1976-இல் விருப்பப்பட்ட பொருளில் எவரும் தனிக் குழு தொடங்கும் வசதி வந்தது. அதன் பிறகு பேச்சு பாடத்தைத் தாண்டிப் பெருகியது. 1978 முதல் 1985 வரை அந்த அமைப்பில் மாணவர்களும் மற்றவர்களும் செலவிட்ட சுமார் ஒரு கோடி மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் குறிப்புகளில் கழிந்தது. பாடத்துக்குக் கட்டிய இயந்திரத்தில் இது வீண்பொழுது என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அமைப்பின் பாடங்கள் பலவற்றை எழுதி, திருத்தி வளர்த்தவர்களில் மாணவர்களும் இருந்தார்கள்; அவர்கள் ஒருவருக்கொருவர் கற்பித்துக்கொண்டது இந்தப் பேச்சில்தான்.

பேச இடம் கொடுத்தால் மட்டும் போதுமா? இதை முறையாக ஆராய்ந்தவர் நியூ ஜெர்சி தொழில்நுட்பக் கழகத்தின் ராக்சேன் ஹில்ட்ஸ். எண்பதுகளில் அவர் முழுப் பாடங்களையே கணினிவழி உரையாடலில் நடத்திப் பார்த்தார். ஆசிரியர் அடிக்கடி உள்ளே வந்து பதில் சொல்லி, மாணவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைத்த வகுப்புகள் தழைத்தன. தாமாகப் படிக்கும் முனைப்பு இல்லாதவர்கள் அங்கேயும் பின்தங்கினார்கள். ஹில்ட்ஸின் கணினிவழி வகுப்பறையில் ஓர் ஏற்பாடு இருந்தது: ஆசிரியரின் கேள்விக்குத் தன் விடையை எழுதிய பிறகே மற்றவர்களின் விடைகள் கண்ணில் படும். முந்திக்கொள்ளும் கெட்டிக்காரப் பிள்ளை எழுதியதை மற்றவர்கள் வழிமொழிந்துவிட்டுப் போக முடியாது.

இன்று நம் கல்லூரிகள் பலவற்றில் புழங்கும் 'மூடில்' மென்பொருளிலும் இந்த ஏற்பாடு உண்டு, தேர்ந்தெடுத்தால்தான் செயல்படும். நான் எல்லாப் பாடத்துக்கும் அதைத் தேர்ந்தெடுக்கிறேன். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள், வகுப்பில் ஆங்கிலத்துக்குப் பயந்து வாய் திறக்காதவர்கள், அங்கே தமிழிலேயே எழுதலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். எழுதுகிறார்கள். அன்றிரவே அவர்களுக்குப் பதில் போட்டுவிடுகிறேன்.