கோதுமை மாவும் ஒரு பெண்ணின் படமும்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகையில் மற்றவர்களைப் பற்றியே எழுதிவந்தவன் நான். ஓய்வு பெற்றபின் சொந்த நினைவுகளை இணையத்தில் எழுத முற்பட்டபோதுதான், எதைச் சொல்வது, எதை மறைப்பது என்ற அச்சம் பிடித்துக்கொண்டது.

"அப்பா, பிறந்த திகதியை மட்டும் போடாதேயுங்கோ" என்றான் மகன். அதில் நியாயமுண்டு. எமது பழைய தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அடுத்த மூன்றும் அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பதைக் காட்டுவன. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். பிறந்தநாள் வாழ்த்தை ஊரறிய வாங்குபவர், ஒன்பது இலக்கங்களில் ஐந்தைத் தாமே கொடுத்துவிடுகிறார்.

ஆனால் இந்த அச்சம் கணினியோடு பிறந்ததன்று. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் நகரிலிருந்து 'கொடக்' கமராவை விற்பனைக்கு விட்டார். 100 படங்களுக்கான சுருளுடன் விலை 25 டொலர். அதுவரை படம் எடுப்பதென்றால் அசையாமல் அமர்ந்து ஒத்துழைக்க வேண்டும். இனித் தெருவில் செல்பவரை அவரறியாமலே எடுத்துவிடலாம். இரண்டே ஆண்டுகளில், 1890 டிசெம்பரில், சாமுவேல் வாரன், லூயி பிரண்டைஸ் என்ற பொஸ்டன் சட்டத்தரணிகள் இருவர் ஹார்வார்ட் சட்ட சஞ்சிகையில் அந்தரங்க உரிமை பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை எழுதினர். உடனடிப் புகைப்படத்தையும் பத்திரிகைகளையுமே அவர்கள் குற்றஞ்சாட்டினர். (எங்கள் தொழில்மீதான வசை அன்றே தொடங்கிவிட்டது!)

கட்டுரை சட்டமாகிவிடாதல்லவா? அதே ரொச்செஸ்டரைச் சேர்ந்த அபிகேல் ரொபர்சன் என்ற இளம்பெண்ணின் படம், ஒரு மா ஆலையின் விளம்பரச் சுவரொட்டியில் அச்சிடப்பட்டது. சுமார் 25,000 பிரதிகள். கடைகளிலும் மதுச்சாலைகளிலும் தொங்கின. படத்தில் அவர் அழகாகவே இருந்தார். தம்மைக் கேட்கவில்லை என்பதே அவரது முறைப்பாடு. கண்டவர்களின் கேலியால் நோயுற்றுப் படுக்கையில் விழுந்தார். 15,000 டொலர் நட்டஈடு கோரி வழக்குத் தொடர்ந்தார். கீழ் நீதிமன்றங்கள் அவர் பக்கம் நின்றன. 1902இல் நியூயோர்க் மேன்முறையீட்டு நீதிமன்றமோ, அத்தகைய உரிமை சட்டத்தில் இல்லையென 4க்கு 3 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் பிரதம நீதியரசர் அல்டன் பார்க்கர். கண்டனங்கள் எழுந்தன. 1903இல், எழுத்துமூலச் சம்மதமின்றி ஒருவரது பெயரையோ படத்தையோ வணிகத்துக்குப் பயன்படுத்துவது குற்றம் என அம்மாநிலம் சட்டமியற்றியது.

சுவையான பகுதி இனித்தான் வருகிறது. 1904இல் பார்க்கர் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரானார். கமராக்காரர்கள் அவரை மொய்த்தனர். தம்மையும் குடும்பத்தாரையும் ஓயாது படமெடுப்பதாக அவர் சினந்துகொண்டார். ரொபர்சன் விடவில்லை. அத்தகைய உரிமை எவருக்கும் இல்லையென்று தாங்கள்தானே தீர்ப்பளித்தீர்கள் என்று நினைவூட்டி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பத்திரிகை அதை வெளியிட்டது.

பார்க்கரைப் பார்த்து நான் சிரித்துவிட முடியாது. 1980களில், நான் உதவி ஆசிரியனாக இருந்த பத்திரிகையின் முதற்பக்கத்தில், செத்தவீட்டில் தலைவிரிகோலமாய் அழுத ஒரு பெண்ணின் படத்தை வெளியிட்டேன். நல்ல தெரிவு என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். மூன்று வாரங்களின் பின் அப்பெண்ணின் தமையன் வந்தார். கையில் கசங்கிய தாளொன்று. கடையில் சீனி சுற்றிக் கொடுத்தார்களாம். அதைப் பிரித்தபோது தங்கையின் முகம்.

"தம்பி, ஆரைக் கேட்டுப் போட்டனீங்கள்?"

சத்தம் போடவில்லை. நான் ஏதோ 'மக்களின் துயரம் உலகத்துக்குத் தெரிய வேண்டும்' என்று முணுமுணுத்தேன். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தத் தாளாவது ஒரு பிரதிதான். ஒருவரது பைக்குள் அடங்கிவிட்டது. இணையத்தில் இட்டதை அப்படி எடுத்துச்செல்ல வழியில்லை.

கடந்த வாரம் என் முதல் கட்டுரையை முடித்தேன். எமது திருமணப் படத்தை அதனுடன் சேர்க்க விரும்பி, மனைவியிடம் காட்டிக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"உங்கட முகத்தை மட்டும் வெட்டிப் போடுங்கோ" என்றார்.

அப்படியே செய்தேன். என் தோளில் அவரது மாலையின் ஓரம் மட்டும் தெரிகிறது.