கோலார் தங்கவயலிலிருந்து ஒரு தென்வானச் சுருள்: மெசியர் 83

1. வாதம்

சிறு தொலைநோக்கியால் சுருள் விண்மீன் திரளைப் படமெடுக்க விரும்புவோர், வடநாடுகளின் வழிகாட்டி நூல்களைப் பார்த்து மெசியர் 51-ஐத் தேடுகிறார்கள். தங்கவயலில் இருப்பவர் முதலில் நாட வேண்டியது மெசியர் 83.

2. இடம்

1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானியலாளர் லக்காய் கண்ட இத்திரள் ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. மெசியர் 51-ஐவிட அண்மையானது, ஒளி மிக்கது. இலண்டனில் மெசியர் 83 அடிவானத்திலிருந்து 9 பாகைகூட எழும்புவதில்லை. 13-ஆம் அகலாங்கை ஒட்டிய தங்கவயலில் 47 பாகை ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி நேர் தெற்கில் நிற்கும். பெங்களூரின் வெளிச்சமோ மேற்கில். ஜவ்வாது மலையின் காவலூரை வைணு பாப்பு ஆய்வுக்கூடத்திற்குத் தேர்ந்ததிலும் தென்வானம் எட்டும் என்பது ஒரு காரணம்.

3. இரைச்சல்

3.1 பாறை தந்த பாடம்

மங்கலான பொருளைப் பதிவதில் இடையூறு, மற்றவை மிகுதியாகப் பதிவதே. இதைத் தங்கவயலைவிட நன்கு அறிந்த ஊர் இந்தியாவில் இல்லை. 1965-இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்தன. காஸ்மிக் கதிர்களால் காற்றில் பிறக்கும் மியூவான்களில் மிகப் பெரும்பாலானவற்றைப் பாறை தடுத்தது. அதனால் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடம் தெரிந்தது. அந்த ஆழத்தை வெட்டிய தொழிலாளர்களில் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் ஏராளம். அந்த அறிவியல் அவர்களுடைய உழைப்பின் மேல் நின்றது என்பதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

3.2 படத்தில் செய்ய வேண்டியது

அங்கே பாறை செய்த வேலையை இங்கே இருளும் நேரமும் செய்கின்றன. நிலவற்ற இரவில் பல குறும்படங்களை எடுத்துக் கணினியில் அடுக்க வேண்டும். திரளின் ஒளி நேரத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். இரைச்சல் அதன் வர்க்கமூலத்தில்தான் கூடும். ஆகவே ஒரு மணி நேரப் பதிவைவிட நான்கு மணி நேரப் பதிவு இரு மடங்கு தெளிவானது. மூடியிட்டு, அதே வெப்பநிலையில், அதே நேர அளவில் எடுத்த இருட்படங்களைக் கழித்தால் உணரியின் சூடான புள்ளிகள் நீங்கும்.

4. வேண்டுகோள்

1923 முதல் மெசியர் 83-இல் ஆறு மீயொளிர் விண்மீன் வெடிப்புகள் காணப்பட்டுள்ளன. அடுத்தது எந்த இரவிலும் வரலாம். தங்கவயல் மாணவர்கள் ஆண்டுதோறும் ஏப்ரலில் இத்திரளைப் படமெடுத்து, பழைய படங்களோடு ஒப்பிட வேண்டும்.