கோடு கிழிக்காத வாத்தியார்

மாணவர்கள் சரியாகச் செய்யாவிட்டால் வாத்தியாருக்குக் கவலை. ரொம்ப நன்றாகச் செய்துவிட்டால்? அப்போதும் கவலைதான்! ராண்டி பாஷுக்கு அதுதான் நடந்தது.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் பேராசிரியர் அவர். 1998-ல், மாய உலகங்களைக் கட்டச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்றை ஆரம்பித்தார். கம்ப்யூட்டர், ஓவியம், டிசைன், நாடகம் என்று பல துறைகளிலிருந்து 50 பேர். நாலு நாலு பேராகப் பிரித்தார். தலையில் மாட்டிக்கொண்டு பார்த்தால் கண்முன் விரிகிற உலகம் ஒன்றை, 2 வாரத்தில் செய்தாக வேண்டும். அப்புறம் குழுவைக் கலைத்து, புது ஆட்களோடு புது உலகம். நிபந்தனை இரண்டுதான்: சுடுவது கூடாது, ஆபாசம் கூடாது. 19 வயசுப் பையன்கள் பலருக்கு அத்தோடு யோசனையே தீர்ந்துபோனதாம்!

முதல் 2 வாரம் முடிந்தது. பாஷ் ஆடிப்போனார். ஒரு செமஸ்டர் முழுக்க டைம் கொடுத்திருந்தாலும் எல்லோருக்கும் 'ஏ' கிரேடு போடலாம், அப்படி ஒரு வேலை! இனி என்ன கேட்பது? தன் குருவான ஆண்டி வான் டாமுக்கு போன் போட்டார். நாளைக்கு வகுப்புக்குப் போய், பரவாயில்லை, ஆனால் இதைவிட நன்றாக உங்களால் முடியும் என்று சொல்லச் சொன்னார் குரு. உச்சம் எங்கே என்று தெரியாதவன் கோடு கிழித்தால் பிள்ளைகளுக்குத்தான் நஷ்டம் என்பது அவர் கணக்கு.

பாஷ் அப்படியே சொன்னார். அடுத்தடுத்த உலகங்கள் இன்னும் பிரமாதமாக வந்தன.

தொண்ணூறு வாங்கிய பிள்ளையிடம் 'மீதி பத்து எங்கே?' என்கிறோமே, அதுவா இது? இல்லை. அங்கே நூறு என்று ஒரு கோடு இருக்கிறது!

2008-ல், 47 வயதில் கணையப் புற்றுநோய் பாஷைக் கொண்டுபோனது. வகுப்பு நிற்கவில்லை. அதை வேறு கைகளில் ஒப்படைத்துவிட்டுத்தான் போயிருந்தார்.